ஓரத்தில் சிவப்பு மை

ஸ்டோல்ப், 29 செப்டம்பர் 1907

அன்புத் தம்பி ரைன்ஹோல்டுக்கு,

அக்கா ஓட்டிலி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். கடற்காற்று ஆரம்பித்துவிட்டதால் முழங்கால் மட்டும் சொன்னபடி கேட்பதில்லை. உன் இருமல் எப்படி இருக்கிறது? மின்னாவும் குழந்தை கேத்தேயும் சுகம்தானே?

சுருட்டுப் பட்டறையை விட்டு நீ பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. பார்சல் கட்டும் வேலைதான் என்றாலும் புகையிலைத் தூள் இல்லாத இடம். அதுவே எனக்கு நிம்மதி.

எனக்கு இந்த வருடமும் நாற்பத்தெட்டுப் பெண்கள். வழக்கம்போலக் கட்டுரை நோட்டுகளும் சிவப்பு மையுமாகப் பொழுது போகிறது. உங்கள் தொழிலாளர் கட்சிப் பத்திரிகையை இங்கே கண்ணால் பார்க்க முடியாது. என் மேஜையில் ஒரு பிரதி கிடந்ததாகத் தெரிந்தாலே பள்ளி ஆய்வாளர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். உங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் வருகிறவற்றையெல்லாம் யாராவது பிரித்துப் படிப்பதுண்டா, இல்லை குப்பைக் கூடைதானா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியே அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள். பெட்டியில் வைத்துப் பூட்டாதே.

அக்கறையுடன்,
ஓட்டிலி


ஹாலே, 20 அக்டோபர் 1907

அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மூன்றாக மடித்து, மேல் மூலையை உள்ளே திருப்பி, அம்மா மடிக்கிற மாதிரியே. உறையைப் பிரித்ததும் நம் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். இருமல் இருக்கிறது, நானும் இருக்கிறேன், இருவருக்கும் சண்டையில்லை. காலுறை காலில்தான் இருக்கிறது, மின்னா சாட்சி.

தபாலில் வருவதை எல்லாம் படிக்கிறார்கள். போன வாரம் ஒரு பள்ளிக் கட்டுரை வந்தது. எங்கள் ஆசிரியர் டாக்டர் ஸீவர்ட் அதை அச்சுக்கூடத்து நடுவில் நின்று சத்தமாக வாசித்தார். சிரித்த சிரிப்பில் ஓர் ஆள் கையிலிருந்த எழுத்துப் பெட்டியைக் கொட்டிவிட்டான், பொறுக்கி எடுக்க அரை நாள் ஆயிற்று. எதைப் பற்றிய கட்டுரை என்று எழுதமாட்டேன். மேல்மாடிக்காரரைப் பற்றியது. அப்பா வைத்த அந்தப் பெயர் உனக்கு மறந்திருக்காது.

"இத எழுதினவன் மாட்டினா தொலைஞ்சான்யா" என்றார் அச்சுக் கோக்கிற கிழவர் பூஹோல்ட்ஸ்.

"அவன் எங்க மாட்டப் போறான், அதான் நம்ம ரைன்ஹோல்டு இருக்கானே" என்றான் பெட்டியைக் கொட்டியவன். அது எங்கள் அலுவலக வேடிக்கை, உனக்குப் புரியாது.

அச்சுக் கோத்து முடிந்ததும் கையெழுத்துப் பிரதிகளை அடுப்பில் போடுவது என் வேலை. அதையும் போட்டேன். நன்றாக எரிந்தது.

முழங்காலுக்கு வாத்துக் கொழுப்புத் தடவு.

உன் தம்பி,
ரைன்ஹோல்ட்


ஸ்டோல்ப், 3 நவம்பர் 1907

அன்புத் தம்பிக்கு,

நீயும் வீட்டாரும் சுகம் என்றறிந்து மகிழ்ச்சி. வாத்துக் கொழுப்பை முழங்காலுக்குத் தடவினேன், மிச்சத்தை ரொட்டியில் தடவினேன். இரண்டிடத்திலும் பலன் தெரிகிறது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எழுத்துப் பெட்டி கொட்டிய இடம் வந்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது. வீட்டுக்கார அம்மாள் கதவைத் தட்டி, "என்னம்மா டீச்சர், உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டாள். இந்த அறையில் இதற்குமுன் அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை.

ஆனால் எனக்குள் ஒரு மூலையில் பயமும் இருக்கிறது. 1878ஆம் வருடக் கோடை உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. உனக்கு எட்டு வயது, எனக்குப் பதினான்கு. கிழச் சக்கரவர்த்தியை யாரோ சுட்டார்கள். அடுத்த வாரமே ஊரில் ஆளுக்கு ஆள் காட்டிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். அப்பாவைக் காட்டிக்கொடுத்தவர் அடுத்த மேஜையில் பீர் குடித்துக்கொண்டிருந்தவர். ராஜநிந்தனை, எட்டு மாதம். அப்பா என்ன சொன்னார் என்று நான் அம்மாவைக் கேட்டேன். "அதைத் திருப்பிச் சொன்னா நானும் உள்ள போகணும்" என்றாள். சாகும்வரை சொல்லவில்லை. திரும்பி வந்த பிறகு அப்பா சக்கரவர்த்தியை 'மேல்மாடிக்காரர்' என்று மட்டுமே சொல்லுவார், அதுவும் கூரையைப் பார்த்துக்கொண்டு.

அதனால் கேட்கிறேன். அந்தக் கட்டுரையால் உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தொல்லை வராதே? பிரதிதான் எரிந்துவிட்டதே. எழுதியவர் யாரென்று தெரியாவிட்டால் யாரையும் பிடிக்க முடியாதல்லவா?

பதில் எழுது.

ஓட்டிலி


ஹாலே, 24 நவம்பர் 1907

ஓட்டிலி அக்காவுக்கு மின்னா எழுதறது.

நாங்க மூணு பேரும் உயிரோட இருக்கோம், நீங்களும் சுகமா இருப்பீங்க. எனக்கு உங்களமாதிரி எழுத வராது, பேசற மாதிரியே எழுதறேன், கோவிச்சுக்காதீங்க. நான் எழுதறது அவருக்குத் தெரியாது.

அக்கா, உங்க தம்பி பார்சல் கட்டலை. ஒருநாளும் கட்டினதில்லை. பத்திரிகைல கடைசிப் பக்கத்துல பொறுப்பாசிரியர்னு ஒரு பேரு போடணுமாம், சட்டம் அப்படி. அந்தப் பேரு உங்க தம்பி பேரு. ஒரு வரி எழுதமாட்டார், திருத்தமாட்டார். ஏதாவது கேஸ் வந்தா இவர் போய் ஜெயில்ல உட்காரணும், அதுதான் வேலை. ஊர்ல 'உட்காரும் ஆசிரியர்'னு சொல்லிச் சிரிப்பாங்க. இவருக்கு முன்னாடி இருந்தவர் மூணு தடவை உள்ள போய் வந்து, கடைசில காலே விளங்காம வீட்டோட கிடக்கார். பட்டறைல இருமி இருமி ரத்தம் வந்தப்போ வேற எவனும் இவருக்கு வேலை தரலை, இவங்க தந்தாங்க. வேண்டாம்னு நான் கத்தினேன். "நான்தான் சுருட்டு சுத்த முடியாதே, சும்மா உட்காரவாவது முடியுமான்னு பாக்கறேன்"ன்னார்.

இப்போ வந்துடுச்சு. ஒரு பள்ளிக்கூடக் கட்டுரையாம். ராஜநிந்தனைன்னு போலீஸ் வந்து அடுப்புச் சாம்பல் வரைக்கும் கிளறிட்டுப் போச்சு. கேத்தே கிறுக்கற சிலேட்டைக்கூடப் பார்த்தாங்க. எழுதினது யாருன்னு கேட்டதுக்கு இவர், "பொறுப்பு என்னோடது, அதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல"ன்னு ஒரே பாட்டு. ஜனவரிலயோ பிப்ரவரிலயோ விசாரணை. ஆறு மாசம் கிடைக்கும்னு வக்கீல் சொல்றார். "ஈரச் சுவருக்குள்ள ஒரு மாசம்னாலே நான் கையை விரிச்சுடுவேன்"னு டாக்டர் சொல்றார்.

எழுதினவன் மட்டும் என் கைல கிடைக்கணும் அக்கா. எங்கயோ கணப்புப் பக்கத்துல சூடா உட்கார்ந்து காபி குடிச்சுக்கிட்டிருப்பான். தன் எழுத்தைத் தானே படிச்சு சிரிச்சுக்கிட்டிருப்பான். படிச்ச பய. அவனுக்கு என்ன, பேரா போட்டான்?

நீங்க படிச்சவங்க. ஏதாவது வழி தெரிஞ்சா சொல்லுங்க.

மின்னா


ஸ்டோல்ப், 2 டிசம்பர் 1907

அன்புள்ள மின்னாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகமாகத்தான் இருக்கிறேன். ஒரு கம்பளிப் போர்வையும் புகையில் வாட்டிய வாத்துக்கறியும் அனுப்புகிறேன். கறி அவனுக்கு மட்டுமல்ல, நீயும் சாப்பிடு.

நீ சொன்னதெல்லாம் சரி. வழி யோசிக்கிறேன்.

ஓட்டிலி


ஹாலே, 22 டிசம்பர் 1907

அக்கா,

பண்டிகை வாழ்த்துகள். போர்வை வந்தது, கறியும் வந்தது, கறி போய்விட்டது. இவள் உனக்கு எழுதிவிட்டாள் என்பதைப் போர்வையைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். பார்சல் கட்டுகிறவனுக்கு யாரும் அவ்வளவு கனமான போர்வை அனுப்பமாட்டார்கள்.

பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள். அப்பா ஜெயிலுக்குப் போனது உனக்கு நினைவிருக்கும் என்றுதான் மறைத்தேன். பயப்படாதே. உள்ளே போனவர்கள் எல்லாம் சதுரங்கம் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். எனக்கும் மூளை வளரட்டுமே.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பெர்லினில் சட்டத்தை மாற்றப் போகிறார்களாம். மேல்மாடிக்காரரே அலுத்துப்போய்க் கேட்டுக்கொண்டாராம். வாய் தவறிச் சொன்னதற்கெல்லாம் இனி தண்டனை கிடையாதாம். தீய எண்ணத்தோடும் யோசித்துத் திட்டமிட்டும் செய்ததாக நிரூபிக்க வேண்டுமாம். அது நிறைவேறும்வரை விசாரணையை இழுக்க வக்கீல் பார்க்கிறார். என் இருமலை மருத்துவச் சான்றிதழாக்கி ஒரு தடவை தள்ளிவைத்துவிட்டார். வாழ்நாளில் முதல்முறையாக இருமலால் உபகாரம்.

நீ மின்னாவுக்கு எழுதியது ஐந்தே வரி. நாற்பத்தெட்டுப் பெண்களின் தலையெழுத்தை எழுதுகிற கைக்கு என்ன ஆயிற்று? எனக்கு எழுது. எதையாவது எழுது.

ரைன்ஹோல்ட்


ஸ்டோல்ப், 19 ஜனவரி 1908

ரைன்ஹோல்ட்,

இது தபாலில் வரவில்லை. எங்கள் மருந்துக்கடைக்காரர் லைப்ஸிக் போகிற வழியில் ஹாலேயில் இறங்கி உன் கையில் தருவார். நல்ல மனிதர், படிக்கமாட்டார். படித்தவுடன் இதை எரித்துவிடு.

அந்தக் கட்டுரையை எழுதியது நான்.

நான்கு வாரமாக இந்த ஒரு வரியை எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். எழுதிய பிறகு பார்த்தால் சின்ன வரிதான்.

எப்படி எழுதினேன் என்று சொல்கிறேன். ஒவ்வொரு ஜனவரி 27ஆம் தேதியும் கெய்சர் பிறந்தநாளுக்கு எங்கள் பள்ளியில் 'நம் கெய்சர்' என்று கட்டுரை எழுத வைக்கிறோம். போன வருடம் நாற்பத்தெட்டு நோட்டுகளையும் திருத்தி முடித்தேன். நாற்பத்தெட்டும் ஒரே கட்டுரை. நாற்பத்தெட்டுக்கும் ஒன்று போட்டேன், முதல் மதிப்பெண், அதற்கு மேல் கிடையாது. மூடி வைத்த பிறகு ஒரு நினைப்பு வந்தது. பாரசீகப் போரைப் பற்றி எழுதினால் 'சான்று எங்கே?' என்று ஓரத்தில் எழுதுகிறேன். தேனீயைப் பற்றி எழுதினாலும் எழுதுகிறேன். பத்தொன்பது வருடமாக இந்த ஒரு கட்டுரையின் ஓரத்தில் மட்டும் என் சிவப்பு மை இறங்கியதில்லை. அதை நான் கவனித்ததும் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

இலையுதிர் காலத்தில் எழுதினேன். ஒன்பது வயதுப் பெண் எழுதுவது போல. 'நம் கெய்சருக்குக் கப்பல் கட்டத் தெரியும். படம் வரையத் தெரியும். எல்லாப் பாதிரியார்களையும்விட நன்றாகப் பிரசங்கம் செய்யத் தெரியும். அவர் தவறே செய்ததில்லை.' ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், ஆசிரியை எழுதியதாக, 'சான்று எங்கே?' கடைசியில் நான்கு, தேறுவதற்கு மட்டும் போதுமான மதிப்பெண், கூடவே 'கையெழுத்து அழகாக இருக்கிறது' என்று ஒரு குறிப்பு. அவ்வளவுதான். என் எழுத்து தெரியாதபடி அச்சுப்போல எழுதினேன். தபால் முத்திரையில் ஸ்டோல்ப் இருக்கக்கூடாதென்று டான்ஸிக் போனபோது அங்கே போட்டேன். எவ்வளவு சாமர்த்தியம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். யாரோ ஒருவர் அதற்காக உள்ளே போக வேண்டியிருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை. பத்திரிகை என்றால் காகிதம் என்றுதான் நினைத்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு மனிதன் இருப்பான் என்று நினைக்கவில்லை. அந்த மனிதன் நீயாக இருப்பாய் என்று நினைக்கவே இல்லை.

மின்னா சொன்னது உண்மை. கணப்புப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். காபியும் குடித்தேன். சிரிக்கவும் செய்தேன்.

27ஆம் தேதி பள்ளி விழா முடிந்ததும் அரசு வழக்கறிஞருக்கு எழுதப்போகிறேன். கடிதம் தயாராக இருக்கிறது. வேலை போகும், ஓய்வூதியமும் போகும். நான் தனி ஆள், என் நெஞ்சும் கெட்டியாக இருக்கிறது. எனக்கு ஆறு மாதம் ஒன்றும் செய்யாது. உனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இது.

மின்னாவிடம் நீயே சொல். எனக்குத் தைரியமில்லை.

ஓட்டிலி


ஹாலே, 23 ஜனவரி 1908

அக்கா,

மருந்துக்கடைக்காரர் லைப்ஸிக்கிலிருந்து திரும்பும்போது இங்கே வந்து வாசலில் நிற்கிறார், ரயிலுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

எனக்கு அக்டோபரிலேயே தெரியும்.

எழுத்தை மாற்றினாய், ஊரை மாற்றினாய். மடிப்பை மாற்றவில்லையே. மூன்றாக மடித்து மேல் மூலையை உள்ளே திருப்பி. அடுப்பின் முன்னால் குந்தியிருந்தபோதுதான் பார்த்தேன். இந்த ஜெர்மனி முழுக்க அப்படி மடிக்கிறவர்கள் இரண்டே பேர், ஒருவர் கல்லறையில் இருக்கிறார். மேலே வாசித்ததைக் கேட்டு நான் இருமி விழுந்தது வேறு. அடுப்பு முன்னால் இன்னொரு தடவை சிரித்தேன்.

அப்போது மாடியேறிப் போய் அச்சுக் கோத்ததைக் கலைக்கச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னால் கலைத்திருப்பார்கள், உள்ளே போகிறவனுக்கு அந்த உரிமை மட்டும் உண்டு. சொல்லவில்லை. ஏனென்று கேள். ஒரு வருடமாக யார் யாரோ எழுதியதற்கெல்லாம் கீழே என் பேர் நின்றது. முதல்முறையாக நம் வீட்டு ஆள் எழுதியதற்குக் கீழே நிற்கப்போகிறது. அது நிற்கட்டும் என்று நினைத்தேன். அது என் முடிவு. அதை நீ எடுத்துக்கொள்ளாதே.

அந்தக் கடிதத்தை அனுப்பாதே. அனுப்பினால் உன்னையும் பிடிப்பார்கள், என்னையும் விடமாட்டார்கள். ஒன்றுக்கு இரண்டு பேர். அரசு வழக்கறிஞருக்கு அவ்வளவு பெரிய பரிசு எதற்கு?

மின்னாவிடம் சொல்லிவிட்டேன். எழுந்து போய்ப் போர்வையை மடித்தாள். பிறகு, "அந்தப் போர்வையைத் திருப்பி அனுப்பிடவா?" என்றாள். பிறகு அவளே, "வேண்டாம், நல்ல கம்பளி" என்றாள்.

ரைன்ஹோல்ட்


ஸ்டோல்ப், 23 பிப்ரவரி 1908

அன்புத் தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறதென்று முதலில் எழுது. நான் இருக்கிறேன். நீ அனுப்ப வேண்டாம் என்றதை அனுப்பவில்லை. எரிக்கவும் இல்லை. தலையணைக்கு அடியில் இருக்கிறது.

புதுச் சட்டம் வந்துவிட்டது, பார்த்தாய்தானே? எங்கள் ஊர்ப் பத்திரிகையிலேயே போட்டிருந்தார்கள். விசாரணையை இழுத்ததில் உன் வக்கீல் ஜெயித்தார். தீய எண்ணத்தோடும் யோசித்தும் செய்திருந்தால்தான் குற்றம். அந்த வரியைப் படித்துவிட்டு நான் வகுப்பில் சும்மா நின்றேன், பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உன்னிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். நீதிபதி கேட்டால், படிக்கவில்லை என்று சொல். படித்தேன், புரியவில்லை என்று சொல். நான் சுருட்டுச் சுற்றுகிறவன், எனக்கு என்ன தெரியும் என்று சொல். முட்டாள் என்று எழுதிக்கொள்ளட்டும். எழுதினால் என்ன தேய்ந்துவிடும்? நீ முட்டாளில்லை என்பது எனக்குத் தெரியும், அது போதாதா? உன்னைக் கேலி செய்ய இடம் கொடு, தம்பி. வீட்டுக்கு வந்துவிடு.

விசாரணை நாள் நல்லதாக விடியட்டும்.

ஓட்டிலி

பின்குறிப்பு: மூன்று வாரம் உன்னிடமிருந்து பதில் வரவில்லையென்றால் தலையணைக்கு அடியில் இருப்பது தபாலுக்குப் போகும்.


ஹாலே, 14 மார்ச் 1908

அக்கா,

அந்தத் தலையணைக் கடிதத்தை இப்போதே கணப்பில் போடு. போட்டுவிட்டு வந்து மேலே படி.

போட்டாயா?

விடுதலை.

நேற்றுத்தான். இதை வீட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன், முன்னால் உருளைக்கிழங்கு சூப். உன் கடிதத்துக்குப் பதில் எழுதாததற்குக் காரணம், நீ கேட்டதைச் செய்வேனா மாட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. வக்கீலும் அதையேதான் சொன்னார். "'நான் படிக்கலை'ன்னு சொல்லிடுங்க. ரெண்டே வார்த்தை. மத்தியானம் வீட்டுக்குப் போயிடலாம்." சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் போனேன்.

நீதிபதி வயதானவர், காதுக்குள் எல்லாம் முடி. முழுக் கட்டுரையையும் வாசிக்கச் சொன்னார். வாசிக்கிற குமாஸ்தாவுக்கு மூன்றாவது 'சான்று எங்கே'யில் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது, தண்ணீர் குடித்தார். பிறகு நீதிபதி என்னைக் கேட்டார்:

"இதை அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி உமக்குத் தெரியுமா?"

வக்கீல் என்னைப் பார்க்கிறார். பின்னால் மின்னா உட்கார்ந்திருக்கிறாள். அக்கா, என்னால் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல முடியவில்லை.

"தெரியுங்க. வாசிச்சுக் கேட்டேன்" என்றேன்.

வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அரசு வழக்கறிஞர் எழுந்தார். "அப்படின்னா யோசிச்சுத்தான் செஞ்சிருக்கீர்."

"யோசிக்க எங்கங்க முடிஞ்சுது? சிரிச்சு, அதுல இருமல் வந்து, என்னைத் தூக்கி நாற்காலில உட்காரவெச்சாங்க."

"சான்று எங்கேன்னு கேட்டா என்ன அர்த்தம்?"

"சான்று வேணும்னு அர்த்தங்க."

பின்னால் சிரிப்பு. நீதிபதி மேஜையைத் தட்டினார். "அதுல உள்ள கெட்ட எண்ணம் உமக்குப் புரியலையா?" என்றார்.

"யாரோட கெட்ட எண்ணம்ங்க? அந்தச் சின்னப் பொண்ணு நல்லதைத்தான் எழுதியிருக்கு. டீச்சரம்மா அவங்க வேலையைப் பார்த்திருக்காங்க. எனக்கு அப்படித்தான் பட்டுது. எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது எங்க அக்கா. அவ அப்படித்தான். பக்கத்து வீட்டு நாய் கடிச்சிடுச்சுன்னு அழுதுக்கிட்டே ஓடினா, முதல்ல காயம் எங்கேன்னு கேட்பா. அதனால அவளுக்கு நாய்மேல கோவம்னு அர்த்தமில்ல, என்மேலயும் கோவம்னு அர்த்தமில்ல. அவளுக்கு அது பழக்கம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. ஆனால் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, குமாஸ்தா 'அக்கா' என்று எழுதிக்கொண்டு மேலே போய்விட்டார். நீதிபதி மட்டும் தாடியைத் தடவிக்கொண்டு, "எங்க அப்பாவும் பள்ளிக்கூட வாத்தியார்தான்" என்றார். அதை எதற்குச் சொன்னார் என்று யாருக்கும் தெரியவில்லை.

இருபது நிமிஷத்தில் தீர்ப்பு. தீய எண்ணமும் யோசனையும் நிரூபிக்கப்படவில்லை. அரசு வழக்கறிஞர் மேல்முறையீடு செய்யப்போவதில்லையாம், வக்கீல் விசாரித்துவிட்டார்.

வெளியே வந்ததும் மின்னா என் கையைக் கிள்ளினாள் பார், இன்னும் நீலமாக இருக்கிறது. "ஏன்யா, ரெண்டு வார்த்தை சொல்லுன்னா, நாய்க் கதையா சொல்ற?" என்று கேட்டுவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாள். வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்து தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

இன்னொன்று. நாற்காலியை விட்டுவிட்டேன். கடைசிப் பக்கத்தில் இனி வேறொருவன் பேர். டாக்டர் ஸீவர்ட் என்னை நிஜமாகவே பார்சல் பிரிவில் போட்டிருக்கிறார். நான் உனக்குச் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது.

ரைன்ஹோல்ட்

மின்னா எழுதறேன் அக்கா. சூப் ரெண்டு தட்டுக் குடிச்சார். நான் உங்களப் பத்தித் தெரியாம எழுதினதெல்லாம் அப்படியே இருக்கட்டும், திரும்ப வாங்கிக்க மாட்டேன். ஆனா ஈஸ்டருக்கு வாங்க. கேத்தேக்கு நீங்கதான் எழுத்துச் சொல்லித் தரணும்.


ஸ்டோல்ப், 18 மார்ச் 1908

அன்புத் தம்பிக்கும் மின்னாவுக்கும்,

நீங்கள் சொன்னபடியே முதலில் கணப்பில் போட்டேன். பிறகு படித்தேன். 'விடுதலை' வந்த இடத்தில் சத்தம் போட்டிருக்கிறேன். வீட்டுக்கார அம்மாள் ஓடிவந்து, "என்னம்மா டீச்சர், மறுபடியுமா?" என்றாள். ஆமாம் அம்மா, மறுபடியும்தான் என்றேன். அவளுக்கும் ஒரு கோப்பை காபி போட்டுக் கொடுத்தேன். காரணம் கேட்கவில்லை, நல்ல மனுஷி.

ரைன்ஹோல்ட், நீதிமன்றம் சொன்னதை நான் திருத்த முடியாது. ஆனால் நமக்குள் திருத்திக்கொள்கிறேன். எனக்குத் தீய எண்ணம் இருந்தது. யோசிக்கவும் செய்தேன், மூன்று வாரம். ஒவ்வொரு 'சான்று எங்கே'யையும் எந்த வரிக்குப் பக்கத்தில் வைத்தால் அதிகம் சுடும் என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். சட்டத்தில் எழுதியிருப்பதெல்லாம் எனக்குப் பொருந்தும், உனக்கு ஒன்றும் பொருந்தாது. அதனால்தான் உன்னிடம் தேடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. நான் முட்டாளாக நடி என்று கெஞ்சினேன். நீ நடிக்காமலே தப்பித்தாய். அதுவும் என்னை வைத்தே. அந்த நாய் உன்னைக் கடிக்கவில்லை, தெரியுமா? வாலை மிதித்துவிட்டு ஓடிவந்தாய்.

அப்பா அன்று என்ன சொன்னார் என்பது நமக்கு இனி தெரியப்போவதில்லை. அம்மாவோடு போய்விட்டது. நான் எழுதியது உனக்குத் தெரியும், மின்னாவுக்குத் தெரியும், அந்தக் குமாஸ்தா தண்ணீர் குடித்துக் குடித்து வாசித்திருக்கிறார். நம் வீட்டில் இந்தத் தடவை யாரும் கூரையைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை.

அடுத்த ஜனவரியில் நாற்பத்தெட்டு நோட்டுகள் மறுபடி என் மேஜைக்கு வரும். என்ன எழுதுவேன் என்று தெரியாது. ஒரு நோட்டின் ஓரத்திலாவது எழுதுவேன் என்று நினைக்கிறேன். அது அச்சுக்குப் போகாது, அந்த ஒரு பெண் மட்டும் படிப்பாள்.

ஈஸ்டருக்கு வருகிறேன் மின்னா. கிள்ளுவதானால் கிள்ளிக்கொள், முழங்காலை மட்டும் விட்டுவிடு. கேத்தேக்குப் புதுச் சிலேட்டும் பலப்பமும் கொண்டுவருகிறேன். சிவப்பு மை கொண்டுவரமாட்டேன்.

இருமலைக் கவனி. காலுறை போடு.

இந்தக் கடிதத்தை வேறு மாதிரி மடிக்க இரண்டு தடவை முயன்றேன். கை வரவில்லை. மூன்றாக மடித்து, மேல் மூலையை உள்ளே திருப்பியிருக்கிறேன்.

உன் அக்கா,
ஓட்டிலி